பொகவந்தலாவை மொரிஸ் மைனர்: கீழிருந்து மேலே செய்த வேலை

பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று யாராவது வாயெடுத்தால், ஹட்டனில் எங்கள் கூட்டத்தில் முதலில் விழும் கேள்வி "எஞ்சின் எப்படி?" என்பதுதான். மொரிஸ் மைனரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும். அதில் இருக்கும் ஏ சீரிஸ் எஞ்சின் 1951இல் ஒஸ்டின் ஏ-30இல் வந்து, 2000ஆம் ஆண்டில் பழைய மினி நிற்கும்வரை தயாரிப்பில் இருந்த குடும்பம். மினி, ஒஸ்டின் ஏ-40, எம்.ஜி. மிட்ஜெட் எல்லாம் இதன் உறவுதான். சாமான் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். ஆனால் மைனருக்கு லொறி மாதிரித் தனி சேஸி கிடையாது. பாடியும் தளமும் ஒரே கட்டு. அடி உக்கிப்போன வண்டிக்குப் புது எஞ்சின் போட்டு என்ன பிரயோசனம்?

நான் வாங்கியது 1960இல் பதிவான மைனர் 1000. நான்கு கதவு, 948 சீசீ. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவரின் கார். அவர் காலமானபின் மகன் அதை ஓட்டவுமில்லை, விற்க மனமும் வரவில்லை. தகரக் கொட்டகையில் படங்கு போர்த்தி நிறுத்தியிருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 தொடக்கத்தில் மறுபடி திறக்கும்வரை, நாட்டில் நான்கு சக்கரமுள்ள எதற்கும் ஒரு விலை வந்துவிட்டது. கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த கார்களைத் தேடியெல்லாம் தரகர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்திலும் இவர் கேட்டது ஓடுகிற பழைய திரீவீல் ஒன்றின் விலையைவிடக் குறைவு.

"தம்பி, எஞ்சின் கல்லு மாதிரி. அப்பா இதுலதான் நுவரெலியா ரேஸுக்குப் போவாரு," என்றார்.

"நல்லதுண்ணே. கொஞ்சம் கீழே படுத்துப் பார்க்கலாமா?"

"படுங்க, படுங்க. சாக்கு ஒண்ணு தாரேன்."

பழைய மைனர் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு டோர்ச், ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய ஒரு காந்தம் மூன்றும் இருக்க வேண்டும். காந்தத்தை முன் மட்கார்டின் பின்பக்கத்திலும் கதவுக்குக் கீழேயும் ஓட்டிப் பார்த்தால், எங்கே தகடு, எங்கே ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி என்று தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடியைத் தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று சொல்லும், உக்கினது தொப்பென்று சொல்லும். தட்ட வேண்டிய இடங்கள்: குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜாக் வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் தகடுகளைப் பிடித்திருக்கும் தாங்கிகள், டிரைவர் காலுக்குக் கீழே பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும் நீளச் சட்டம். அடி முழுக்கக் கறுப்புத் தார் புதிதாகப் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். தார் துருவை நிறுத்தாது, மறைத்துவைக்கும்.

இந்தக் காரில் யாரும் தார் பூசவில்லை. அதுவே பாதி நிம்மதி. இடப் பக்கத்துக் குறுக்குச் சட்ட முனையில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது, பின் ஸ்பிரிங் தாங்கி ஒன்றும் போயிருந்தது. நீளச் சட்டம் இரண்டும் சுத்தம். பதிவுப் புத்தகத்தில் இருந்த எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் வண்டியில் இருந்தவையோடு பொருந்தின. நடுவில் ஸ்ரீ எழுத்துள்ள அந்தக் கால நம்பர் பிளேட்டும் பழையதே. எஞ்சின் நம்பர் மாறியிருந்தால் அதைப் புத்தகத்தில் ஏற்றுவதற்கே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டியிருக்கும், அதனால் இந்த இரண்டு நம்பரையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

மைனர் எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. 1948இல் லண்டன் கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானபோது 918 சீசீ பக்க வால்வு எஞ்சின். பிறகு மினியையும் வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் கைவேலை. 1952இலிருந்து 803 சீசீ, 1956இல் மைனர் 1000 என்ற பெயரோடு 948, 1962இல் 1098. மலைநாட்டுக்கு 803 வேண்டாம், மூச்சு முட்டும். 1098 கிடைத்தால் எடுங்கள். 37 குதிரைவலுவுக்குப் பதில் 48 வருகிறது என்பதைவிட, முன் பிரேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாவதுதான் எனக்குப் பெரிய காரணம். ஏற்றத்தில் 948 நினைக்கிற அளவு பின்தங்குவதில்லை. அதன் டிஃபரன்ஷியல் விகிதம் 4.55, 1098க்கு 4.22. சக்கரம் மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

தகட்டு வேலை செய்யும் டிங்கரிங் பாஸிடம் முதல் வாரமே ஒப்படைத்தது அந்தக் குறுக்குச் சட்ட முனையையும் ஸ்பிரிங் தாங்கியையும்தான். மேலே தகடு வைத்து ஒட்டாமல், உக்கிய பகுதியை முழுக்க வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாக மடித்த தகட்டைப் பற்றவைக்கச் சொன்னேன். இந்த நாட்டில் மைனர் தகட்டு வேலைக்குப் பஞ்சமில்லை. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மைனருக்காகவே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், 1990களில் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து உதிரிப் பாகங்களை இங்கே செய்வித்து அங்கே கொண்டுபோனார். செய்த நாட்டுக்கே நாம் சாமான் செய்து அனுப்பிய கார் இது. என் பாஸுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்ப கூலியும் பவுண்டுலயே தாங்க மாத்தையா," என்றார்.

அடுத்தது கிங்பின். மைனர் வாங்கியவர்கள் அதிகம் அசட்டை செய்வதும், அதிகம் ஆபத்தானதும் இதுதான். முன் சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அது கீழே உள்ள ட்ரனியன் என்ற வார்ப்புத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையே சுற்றுகிறது. கிரீஸ் வற்றினால் மரை தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் பின் கழன்றுகொள்ளும், சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்து கார் தெருவில் முழங்கால் போடும். பெரும்பாலும் இது முழுசாக ஸ்டியரிங் வெட்டும்போது, மெதுவாகப் போகையில்தான் நடக்கும் என்று சொல்லி ஆறுதல் அடைபவர்கள் உண்டு. எங்கள் ஊரில் முழுசாக ஸ்டியரிங் வெட்டுகிற இடமெல்லாம் கொண்டையூசி வளைவு, ஓரத்தில் பள்ளம்.

பார்க்கும் முறை எளிது. பாடிக்குக் கீழே ஜாக் வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்ட வேண்டும். இன்னொருவர் டோர்ச் அடித்துக் கீழ் முனையைப் பார்க்க வேண்டும். எனது காரில் வலப் பக்கம் பரவாயில்லை, இடப் பக்கத்தில் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் மரையின் நுனிகள் கத்தி முனையாகக் கூர்ந்திருந்தன. கொழும்பில் பழைய உதிரிப் பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த கிங்பின் கிடைத்தது. அதுவும் அதே வயதுடைய இன்னொரு காரில் அதே வேலையைச் செய்து களைத்ததுதானே! இரண்டு பக்கத்துக்கும் புதுசு வரவழைத்தேன். இடது, வலது மரைகள் எதிரெதிர்த் திசை என்பதால் மாறி அனுப்பிவிடாமல் இருக்கக் கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். காரில் உள்ள கிரீஸ் நிப்பிள்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன் பிடித்தால் இந்தச் செலவு யாருக்கும் வராது. பெயின்ட் காய்ந்து மூடிக் கிடந்த நிப்பிள்களைப் பார்த்தபோது, அந்தக் காரை அலங்கரித்த அளவுக்கு யாரும் அதன் அடியில் குனியவில்லை என்பது புரிந்தது.

பிரேக்கில்தான் நேரமெல்லாம் போனது. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் பானட்டுக்குள் இல்லை. டிரைவர் பக்கத்துப் பாயைத் தூக்கினால் தளத்தில் ஒரு மூடி, அதைக் கழற்றினால் நீளச் சட்டத்தின் வயிற்றுக்குள் அது ஒளிந்திருக்கும். ஒயில் குறைந்தாலும் கண்ணில் படாது, ஒழுகினாலும் சட்டத்துக்குள்ளேயே ஒழுகித் துருப்பிடிக்க வைக்கும். கழற்றுவது அதைவிடப் பாடு. அதைப் பிடித்திருக்கும் போல்ட் இரண்டும் சட்டத்துக்குக் குறுக்காகப் போகின்றன. பக்கத்திலேயே முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கி நின்று வண்டியைத் தாங்கும் இரும்புத் தடி, நீளமாகக் கிடக்கிறது. நட்டைக் கழற்றலாம், ஆனால் போல்ட்டை வெளியே இழுக்க அந்தப் பார் விடாது. அதன் முறுக்கை இறக்கி, இடத்தைவிட்டு நகர்த்தினால்தான் போல்ட் வரும். எப்படியும் கிங்பின்னுக்காக முன்பக்கம் பிரிந்து கிடந்ததால் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தேன். இந்த இரண்டு வேலையும் இருக்கிற யாருக்கும் இதே வரிசையைத்தான் சொல்வேன். டோர்ஷன் பாரை இறக்குவதற்கு முன் அதன் முறுக்கு நிலையைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

சிலிண்டரின் உட்சுவரில் குழி விழுந்திருந்தது. புது ரப்பர் போட்டாலும் அந்தக் குழி அதைத் தின்றுவிடும். கண்டியில் ஒரு லேத்தில் உள்ளே ஸ்டெயின்லெஸ் குழாய் இறக்கி அளவுக்குக் கடைந்து கொடுத்தார்கள். சக்கர சிலிண்டர்கள் அனைத்தும் புதுசு. முன் டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், பின்னால் ஒவ்வொன்று. பழைய இரும்புக் குழாய்களைக் கழற்றிச் செம்பு நிக்கல் குழாய் போட்டேன். பிரேக் ஒயில் டொட் 4. புதிதாக இருக்கும்போது 230 பாகை வரை அது கொதிக்காது, ஈரம் உறிஞ்சினபின் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 140. வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் காற்றே பாதி தண்ணீர், ஆகையால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுக்க மாற்றுவது எங்களுக்கு ஆடம்பரமில்லை.

பிரேக் சரிசெய்வதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மைனர் பிரேக் பிடிக்காது" என்ற பேச்சில் பாதி இங்கேதான் பிறக்கிறது. தொப்பியைக் கழற்றினால் சக்கரத்தில் ஒரு துளை, டிரம்மில் ஒரு துளை. இரண்டும் நேராக வரும்படி சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தலை தெரியும். சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை அதைத் திருகி, பிறகு ஒரு சொடுக்கு பின்னால் விட வேண்டும். பின் சக்கரத்தில் இப்படி ஒன்று. முன் சக்கரத்தில் எதிரெதிராக இரண்டு. அரைச் சுற்றுத் தள்ளி இருக்கும் அந்த இரண்டாவதைத் திருகாமல் விட்டால், ஒரு ஷூ மட்டும் பிடித்து மிதி பாதாளம் வரை போகும். என் கார் வந்தபோது நான்கு சக்கரத்திலும் உள்ள ஆறில் இரண்டு ஸ்க்ரூக்கள் துருவில் இறுகிக் கிடந்தன. டீசலில் ஊறவைத்துச் சூடாக்கித்தான் அசைந்தன.

இத்தனைக்கும் பிறகுதான் "கல்லு மாதிரி" எஞ்சினுக்குப் போனேன். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரெஷன் கேஜை நான்கு சிலிண்டரிலும் வைத்தபோது 130, 128, 90, 131. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்துக்கு 1,270 மீட்டர் அளவு மேலே. காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, கேஜ் காட்டுவதும் அதற்கேற்பக் குறையும். புத்தகத்தைப் பார்த்து 150 இல்லையே என்று பயந்து பிஸ்டன் ரிங் மாற்றியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். 130 இங்கே ஆரோக்கியமான எண். கவலை அந்த 90தான். மூன்றாவது சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பார்த்தேன், ஏறவில்லை. ரிங் என்றால் ஏறியிருக்கும். அப்படியென்றால் வால்வு.

ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் நினைத்ததே. மூன்றாவது எக்ஸோஸ்ட் வால்வின் ஓரம் எரிந்து, இருக்கை உள்ளே இறங்கியிருந்தது. இந்த எஞ்சினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு எக்ஸோஸ்ட் வாசல் ஒன்றுதான், நடுவில் சூடு சேரும். அதோடு, ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்த வார்ப்பிரும்பு இருக்கை இது. 2002இல் நாட்டில் ஈயப் பெற்றோல் நின்றபின் ஈயம் விட்டுச்செல்லும் பூச்சு இல்லாமல் வால்வு இருக்கையைக் கொத்திக் கொத்தி இறங்கும். வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள டப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வருவதுதான் அதன் அடையாளம். சத்தம் கூடினால் எல்லாரும் கவனிப்பார்கள். இது சத்தம் குறையும் வியாதி, அதனால்தான் எஞ்சின் "அமைதியாக ஓடுகிறது" என்று விற்பவர் சொல்லும்போது நான் டப்பெட் மூடியைக் கழற்றச் சொல்கிறேன்.

நான்கு எக்ஸோஸ்ட் இருக்கைகளுக்கும் கடின உருக்கு வளையம் இறக்கி, புது வால்வும் கைடும் போட்டாயிற்று. இனி 92 ஒக்டேன் போதும், மருந்து போத்தல் ஊற்றும் வேலை இல்லை. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே வரிசையாக 40 இறாத்தல்-அடிக்கு இறுக்கினேன். டப்பெட் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 12 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 12 பங்கு. எந்த வால்வை எப்போது வைப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு: எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வை, ஏழாவது திறந்தால் இரண்டாவதை. கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அவ்வளவே. இந்த வண்டிக்கு 10, 12, 13 என்று மில்லிமீட்டர் சாவி போடாதீர்கள். அரை அங்குலம், பதினாறில் ஒன்பது என்று அங்குலச் சாவிதான். முந்தைய யாரோ 13 சாவியால் முயன்ற நட்டுகள் எல்லாம் உருண்டையாகியிருந்தன.

நிசான் ஏ-12 எஞ்சினை இறக்கிவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் விடாமல் சொன்னார். "மச்சான், அது போட்டா ரம்பொடையில தேர்ட் கியர்ல ஏறலாம்." ஏறலாம்தான். 7 அங்குல டிரம்மோடு எப்படி இறங்குவது என்று கேட்டேன், பேச்சு பிளேன் டீக்கு மாறியது.

ரேடியேட்டரைக் கம்பளையில் ஒரு கடையில் கொடுத்தேன். மேல் தொட்டியின் ஈயப் பற்றைக் கழற்றி ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டு இடித்தெடுத்தார். உள்ளேயிருந்து வந்தது பாதி சேறு. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்கே கொதித்துவிடும், அதனால் ரேடியேட்டர் மூடி இங்கே சில்லறை விஷயமில்லை. 7 இறாத்தல் அழுத்தம் தாங்கும் மூடி நல்லதாக இருந்தால் அந்த எல்லை பத்துப் பாகைக்கு மேல் உயரும். ரப்பர் வெடித்த மூடியோடு ஓடுகிறவர்கள் எஞ்சினைத் திட்டுவது நியாயமில்லை. கடைக்காரர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொன்னார். கொழும்பு வெயிலில் ஓடுகிறவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். காலையில் பத்துப் பாகை குளிரில் ஸ்டார்ட் செய்கிற இடத்தில் அதைக் கழற்றினால் எஞ்சின் சூடேறவே ஏறாது, சோக்கை இழுத்துக்கொண்டே ஓடிப் பெற்றோலால் சிலிண்டரைக் கழுவ வேண்டியதுதான். புது 82 பாகை தெர்மோஸ்டாட் போட்டேன்.

கார்புரேட்டர் எஸ்.யூ. கழுவி, ஜெட்டும் ஊசியும் மாற்றி, அதன் மேலுள்ள டாஷ்பொட் என்ற ஒயில் கூட்டில் 20 தர ஒயில் விட்டாயிற்று. மலைக்கு மேலே காற்று மெலிவதால் கலவையில் பெற்றோல் கூடிவிடும், கறுப்புப் பிளக்கும் கனத்த மணமும் அதனால்தான். கார்புரேட்டரின் பிஸ்டனை அடியிலுள்ள சின்ன முளையால் ஒரு துளி உயர்த்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், நின்றுபோனால் குறைவு, லேசாகக் கூடித் திரும்பினால் சரி. ஹட்டனில் வைத்தபின் நுவரெலியாவில் நிறுத்தி ஜெட் நட்டை ஒரு பட்டை மேலே திருகினேன், அதுவே போதுமாக இருந்தது.

மின்சார வேலை சுருக்கம்: வயரிங் முழுக்கப் புதுசு. இந்தக் காரில் பாடியோடு சேர்வது பற்றரியின் பிளஸ் முனை, அதை அப்படியே விட்டேன். மாற்றுகிறவர்கள் மாற்றலாம், ஆனால் போன் சார்ஜர் சொக்கெட்டை மற்றக் கார் மாதிரிப் பூட்டினால் புகைதான். பெற்றோல் பம்பு டிக் டிக் என்று அடிக்காமல் நின்றால் ஸ்பேனரால் ஒரு தட்டு, பழைய மைனர்காரர் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். பம்புக்குள் மின்சாரம் தொட்டுவிடும் பொயிண்டைத் தேய்த்தபின் தட்டத் தேவையில்லை.

ஓடிப் பார்த்தது தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு, திரும்பி அதே பாதையில். ஏறும்போது பெரும்பாலும் மூன்றாவது கியர், வளைவுகளில் இரண்டு. டெவன் நீர்வீழ்ச்சிக்கு எதிரே நிறுத்தி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன், கொதிப்பு இல்லை, ஒழுக்கு இல்லை. இறங்குவதற்கு, விபத்துகளுக்குப் பேர்போன ரதல்ல குறுக்கு வீதியைத் தொடவில்லை. அது எப்படிப்பட்டதென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பெரிய வீதியிலேயே இரண்டாவது கியரில் விட்டு, வளைவுக்கு முன் அழுத்தி, உடனே விட்டு, மறுபடி அழுத்தி வந்தேன். காலை மிதியில் ஊன்றிக்கொண்டே வந்தால் 7 அங்குல டிரம் ஆறுவதற்கு வழியில்லை. தலவாக்கலையில் இறங்கி நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தபோது நான்கிலும் ஒரே அளவு சூடு. அதாவது நான்கும் வேலை செய்திருக்கின்றன.

பாக்கி இருப்பது குலுக்கலை அடக்கும் பின் லீவர் டாம்பர் இரண்டு. ஒயில் ஒழுகுகிறது, குழியில் விழுந்தால் பின்பக்கம் இரண்டு தரம் ஆடி நிற்கிறது. பழைய கூட்டைத் திறந்து சீல் மாற்றித் தருவதாகக் கண்டி லேத்காரர் சொல்லியிருக்கிறார். பெயின்ட் அதற்குப் பிறகுதான். இப்போதைக்கு இடப் பக்க மட்கார்டு சாம்பல் பிரைமரோடு ஓடுகிறது.